மஞ்சள் கருப் பையோடு வெளிவரும் ஆமைக்குஞ்சு: முதல் பத்து நாள்

முட்டை ஓட்டை விட்டு வெளியே வந்துவிட்ட ஆமைக்குஞ்சின் அடி ஓட்டு நடுவில், சில சமயம் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக ஒரு பை தொங்கும். அதன் மேல் மெல்லிய சிவப்பு ரத்தநாளங்கள் கிளைவிட்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர் குடல் சரிந்துவிட்டது என்று பயந்துபோய், விரலால் உள்ளே தள்ளப் பார்ப்பார். அல்லது தொப்புள்கொடி என்று நினைத்து நூலால் கட்டி அறுக்கப் பார்ப்பார். இரண்டுமே குஞ்சின் உயிரை எடுத்துவிடும். வெளியே தெரிவது மஞ்சள் கருப் பை. அது தானாக உள்ளே போக வேண்டும், பெரும்பாலும் போய்விடும். அதுவரை பை காயாமல், கிழியாமல், அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் வேலை.

இங்கே சொல்லும் அளவுகள் சுல்காட்டா ஆமைக்கானவை. சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், செனகல் முதல் எத்தியோப்பியா வரையான வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த ஆமை, இன்று உலகெங்கும் வளர்ப்பிடங்களில் ஏராளமாகப் பொரிக்கப்படுகிறது. ஓர் ஈட்டில் பதினைந்து முதல் முப்பது முட்டை. குஞ்சு 4 முதல் 5 செ.மீ. நீளமும், சுமார் 30 முதல் 40 கிராம் எடையும் இருக்கும். சிறுத்தை ஆமை, செங்கால் ஆமை ஆகியவற்றுக்கும் முறை இதேதான். ஹெர்மன் ஆமைக் குஞ்சு இதில் பாதிகூட இருக்காது என்பதால் அதற்குக் கிண்ணமும் துணி வளையமும் சிறியதாக வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் முட்புதர்க் காடுகளில் இருக்கும் நட்சத்திர ஆமையை, அதன் முட்டையை, குஞ்சை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையும் அதைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தி, வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோவதைத் தடுத்துவிட்டது. வயலில் மண்வெட்டி பட்டு முட்டைக் குழி திறந்து, பை தொங்கும் குஞ்சு கிடைத்தால், ஈரத்துணி விரித்த பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை கீழே உள்ள பராமரிப்பு போதும். சுல்காட்டா போன்ற அயல்நாட்டு ஆமைகளை வைத்திருப்பவர்களும், அவை சைட்ஸ் பட்டியலில் இருந்தால் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பொரித்த குஞ்சுகளுக்கும் அது பொருந்தும்.

இந்தப் பை எதற்கு? முட்டைக்குள் கரு வளரும் மாதங்கள் முழுக்க அதற்கு உணவு இதிலிருந்துதான். கொழுப்பும் புரதமும் மட்டுமல்லாமல், தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் இதில் இருக்கின்றன. பையின் சுவரில் ஓடும் ரத்தநாளங்கள் சத்தை உறிஞ்சிக் குஞ்சின் உடலுக்குக் கொண்டுபோகின்றன. பை ஒரு குட்டிக் குழாய் வழியாகச் சிறுகுடலோடும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் நூலால் கட்டுவது அவ்வளவு ஆபத்து. கட்டு பையின் கழுத்தில் விழுகிறது என்று நாம் நினைப்போம். அங்கே ரத்தநாளமும், சில சமயம் குடலின் ஒரு மடிப்பும் இருக்கும்.

பொரிப்பதற்கு முந்திய நாட்களில் பை மெல்ல வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. குஞ்சு மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் ஓட்டில் ஓட்டை போட்ட பிறகும் உடனே வெளியே வருவதில்லை. தலையை மட்டும் நீட்டியபடி ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் உள்ளேயே இருக்கும். பார்ப்பவருக்கு அது சிக்கிக்கொண்டது போலத் தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில்தான் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முட்டைக்குள் குறுக்காக மடங்கியிருந்த அடி ஓடு நிமிர்கிறது, மீதி மஞ்சள் கரு உள்ளே போகிறது. நம் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்த பின்னும் மணலுக்கு அடியில் சில நாள் இருந்து, மெல்ல மேலேறி வருவதிலும் இதே நிமிர்தலும் உறிஞ்சுதலும் நடக்கின்றன. காத்திருப்பு இந்த விலங்குகளின் பிறப்பில் ஒரு பகுதி. அதை வெட்டிச் சுருக்கினால் பை வெளியே நிற்கும்.

வெட்டிச் சுருக்குவது பெரும்பாலும் மனிதர்தான். குஞ்சு இருபத்துநாலு மணி நேரமாக வெளியே வரவில்லையே என்று ஓட்டைப் பிட்டுப் பிட்டு எடுத்து "உதவி" செய்வதுதான் பெரிய பையோடு குஞ்சு வெளிவருவதற்கு நான் முதலாவதாக வைக்கும் காரணம். ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்விலும் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கிழித்தால் ரத்தப்போக்கும் சேர்ந்துகொள்ளும். ஓட்டையிட்ட குஞ்சு மூச்சு விடுகிறது, தொட்டால் தலையை இழுத்துக்கொள்கிறது என்றால் அதை அப்படியே விடுங்கள். அடுத்த காரணம் வெப்பம். இன்குபேட்டர் 33, 34 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஓடினால் கரு அவசரமாக வளர்ந்து, பை சுருங்குவதற்குள் பொரித்துவிடும். ஓட்டுத் தகடுகள் கோணலாக வருவதும் இதோடு சேர்ந்து நடக்கும். ஈரப்பதம் குறைந்து சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்வது, முன்பே பொரித்த உடன்பிறப்புகள் மேலே ஏறி மிதித்து முட்டையைக் கலைப்பது, முட்டைக்குள்ளேயே கிருமி புகுவது ஆகியவை மற்றவை. ஓட்டையிட்ட ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிச் சிறு கிண்ணத்தில், இருந்த நிலை மாறாமல் எடுத்து வைத்தால் உடன்பிறப்புத் தொல்லை முழுக்கத் தீர்ந்துவிடும்.

குஞ்சு இன்னும் பாதி ஓட்டுக்குள் இருக்கிறது, அடியில் பை தெரிகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த ஓட்டை விட நல்ல தொட்டில் நம்மால் செய்ய முடியாது. முழுவதும் வெளியே வந்துவிட்டால்தான் ஏற்பாடு தேவை.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் இல்லாத கையுறை அணியுங்கள். அடி தட்டையான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வேண்டும். குஞ்சை வைத்தால் சுற்றிலும் ஒரு செ.மீ.க்கு மேல் இடம் இருக்கக் கூடாது. குஞ்சு நடமாடினால் பை தரையில் தேயும், திரும்பினால் பை முறுக்கிக்கொள்ளும். இடம் குறைவாக இருந்தால் குஞ்சு இருட்டில் பேசாமல் தூங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியை விரல் பருமனுக்குச் சுருட்டி, சும்மாடு போல வளையமாக்கி, சலைனில் நனைத்து லேசாகப் பிழிந்து கிண்ணத்தின் அடியில் வையுங்கள். வளையத்தின் நடுக்குழியில் ஒரே ஒரு அடுக்கு ஈரக் காஸ் விரியுங்கள். குஞ்சை அதன் மேல் இறக்கும்போது ஓட்டின் விளிம்பு வளையத்தில் உட்கார வேண்டும், பை குழிக்குள் இறங்கி ஈரத் துணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உடல் எடை பையின் மேல் விழக் கூடாது. அதேபோல் பை அந்தரத்தில் தொங்கவும் கூடாது, ஏனென்றால் அதன் கனமே தொப்புளை இழுக்கும். வளையத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து இந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுவருவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால் அடுத்த ஐந்து நாள் நிம்மதி.

கிண்ணம் ஒளி ஊடுருவும்படி இருக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பையைப் பார்க்கக் குஞ்சைத் தூக்கவோ கவிழ்க்கவோ வேண்டியதில்லை. கிண்ணத்தோடு தலைக்கு மேலே உயர்த்தி அடியிலிருந்து பார்த்தால் போதும். பை வெளியே இருக்கும்வரை குஞ்சை மல்லாத்தவே கூடாது.

இந்தக் கிண்ணத்தை, மூடியுள்ள இரண்டு மூன்று லிட்டர் டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவின் தரையில் அச்சு, வாசனை எதுவும் இல்லாத வெள்ளைக் கிச்சன் டவலை நனைத்து விரியுங்கள். மூடியில் நாலைந்து சிறு துளைகள் போதும், உள்ளே சுவரில் நீர் பூத்திருப்பது நல்ல அடையாளம். டப்பாவை அப்படியே இன்குபேட்டருக்குள், 30 டிகிரியில் வையுங்கள். வெப்பமானியின் முனை டப்பாவுக்குள், குஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். கீழே சூடாகும் தட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். ஈரத்துணி அடியிலிருந்து சூடாகிப் பை வெந்துவிடும். விளக்கு, புற ஊதா பல்பு எதுவும் இந்த நாட்களில் தேவையில்லை. இருட்டே நல்லது.

சலைன் என்றால் 0.9 சதவீத உப்புக் கரைசல். மருந்துக்கடையில் நரம்பில் ஏற்ற விற்கும் நார்மல் சலைன் 100 மி.லி. பாட்டிலே சிறந்தது. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளில் முடித்துவிடுங்கள், பயன்படுத்தும் முன் 30 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்குங்கள். கடை தொலைவு என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பை எடைபோட்டுக் கரையுங்கள். கண்ணளவில் போடாதீர்கள். உப்பு கூடினால் அது பையிலிருந்து நீரை இழுத்துச் சுருக்கிவிடும்.

அதன் பிறகு ஒரு நாளில் செய்ய வேண்டியது மிகவும் குறைவு. காலை, மாலை இருமுறை டப்பாவைத் திறந்து காற்று மாற்றுங்கள். டவலை மாற்றுங்கள். குஞ்சு கழிவு வெளியேற்றியிருந்தால் காஸ் வளையத்தையும் உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் பைக்கும் கழிவுத் துளைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. மாற்றும்போது ஓட்டின் இரு பக்கமும் பிடித்து நேராகத் தூக்கி, புதிய கிண்ணத்தில் நேராக இறக்குங்கள். துணி பையோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சிரிஞ்சில் சலைன் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, தானாக விடும்வரை காத்திருங்கள். முட்டைகளுக்கு அடியில் பரப்பியிருந்த வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள், தேங்காய்நார்த் தூள் ஒட்டியிருந்தாலும் இதேதான். கழுவிப் போவது போகட்டும், மீதியைச் சுரண்டாதீர்கள். காய்ந்த நூல் போன்ற ரத்தநாளம் தொப்புளில் தொங்கினால் அது தானாக உதிரும். காலில் சுற்றிக்கொண்டு இறுக்கினால் மட்டும் நனைத்து மெல்லப் பிரித்துவிடுங்கள்.

எடையைக் கிண்ணத்தோடு சேர்த்துப் போட்டுக் கழித்து எழுதிவையுங்கள். பை உள்ளே போவதால் எடை குறையாது, ஏனென்றால் இருந்த பொருள் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நாளுக்கு நாள் எடை இறங்கினால் டப்பாவில் ஈரம் போதவில்லை என்று பொருள்.

உணவு வேண்டாம். குளிப்பாட்டலும் வேண்டாம். பை வெளியே இருக்கும்போது தண்ணீரில் விட்டால் குஞ்சு நீந்தப் பார்த்து உதைக்கும், கிண்ணத்தில் கலக்கும் கழிவு நேராகப் பையில் படும். மூடிய டப்பாவின் ஈரமே அதற்குப் போதும்.

மஞ்சள் தூள் வைப்பது நம் வீடுகளில் கை தானாகப் போகும் பழக்கம். இங்கே அது வேண்டாம். தூள் எதுவானாலும் பையின் ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும், கிருமியையும் கொண்டுவரும். டெட்டால் போன்ற பீனால் வகைத் திரவங்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சவ்வை எரிக்கும். தேங்காயெண்ணெயும் வாசலினும் துணியையும் தூசியையும் பையோடு ஒட்டவைக்கும். நல்ல நிலையில் இருக்கும் பைக்கு சலைன் தவிர எதுவும் தேவையில்லை. பை உள்ளே போய், தொப்புள் மட்டும் சிவப்புக் கீறலாக நிற்கும்போது, அதன் விளிம்பில் மட்டும் நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றலாம். கடையில் கிடைக்கும் 10 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 19 மி.லி. சலைன் சேர்த்தால் வெளிர் தேநீர் நிறம் வரும், அந்த அடர்த்தி போதும்.

பட்டாணி அளவுப் பை ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ மறைந்துவிடும். கோலிக்குண்டு அளவு என்றால் மூன்று முதல் ஏழு நாள் ஆகலாம். சிறிதாகச் சிறிதாகப் பை சுருங்கி, சற்றுக் கெட்டியாகி, நிறம் ஆழமாவது இயல்பு. அடி ஓட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இருக்கும் பை, அல்லது மூன்று நாளாகியும் கொஞ்சமும் சுருங்காத பை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பையைப் பிடித்து ஆட்டாத வரை, காத்திருப்பதால் எந்த இழப்பும் இல்லை என்பதை மனதில் வையுங்கள். அதனுள் இருக்கும் உணவு குஞ்சுக்குத் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கெட்டுப்போவது எப்படி என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். பையின் தோல் பளபளப்பு போய் மங்கி, காகிதம் போலச் சுருக்கம் விழுந்தால் அது காய்கிறது. உடனே ஈரத்தைக் கூட்டுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான சலைனைச் சொட்டுங்கள். காய்ந்த தோல் குஞ்சு அசையும்போது வெடிக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ இருந்த நிறம் பச்சையாகவோ சாம்பலாகவோ கருப்பாகவோ மாறி, டப்பாவைத் திறந்ததும் அழுகல் வாடை வந்தால் கிருமி தொற்றிவிட்டது. ஈ. கோலி, சூடோமோனாஸ் போன்றவை இதில் வழக்கமாக வரும் கிருமிகள். மஞ்சள் கரு அவற்றுக்கு நல்ல தீனி, பையிலிருந்து நேராக வயிற்றறைக்குப் பரவ வழியும் இருக்கிறது. இங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. மருத்துவர் எடைக்குத் தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை ஊசியாகப் போட வேண்டியிருக்கும். முப்பது கிராம் உயிருக்கு மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து அளவு கணிப்பது முடியாத காரியம்.

எறும்பை மறக்காதீர்கள். மஞ்சள் கருவின் வாசனைக்குச் சிற்றெறும்பும் சின்ன ஈக்களும் ஒரே இரவில் வந்துவிடும். இன்குபேட்டரின் கால்களைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்துங்கள், டப்பாவின் துளைகளை நெருக்கமான வலையால் மூடுங்கள். ஒரே டப்பாவில் இரண்டு குஞ்சு வைப்பதும் இதே போன்ற ஆபத்து. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைக் கண்டால் பக்கத்துக் குஞ்சு கடித்துப் பார்க்கும்.

பை கிழிந்து மஞ்சள் கரு ஒழுகினால் அது அவசரம். துடைக்காதீர்கள், அழுத்தாதீர்கள். வெதுவெதுப்பான சலைனால் மெல்ல அலசி, சலைனில் நனைத்த கிருமி நீக்கிய காஸை மேலே போர்த்தி, கிண்ணத்தோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து அன்றைக்கே கிளம்புங்கள். காரில் ஏசி காற்று பெட்டியில் படக் கூடாது. நாய், பூனை மட்டும் பார்ப்பவரை விட, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்த அனுபவமுள்ளவரை முன்பே விசாரித்து வைத்திருப்பது நல்லது. பொரிக்கும் வாரத்துக்கு முன்பே அவருடைய எண் கையில் இருக்க வேண்டும். மருத்துவர் பையின் கழுத்தில் உள்ள ரத்தநாளங்களைக் கட்டி, பையை நீக்கி, தொப்புளைத் தையலிட்டு மூடலாம். வெளியிலிருந்து நூலால் இறுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் குடல் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே கட்டுகிறார். இவ்வளவு சின்ன உடலுக்கு மயக்க மருந்தே ஒரு சோதனை. எல்லாக் குஞ்சும் பிழைப்பதில்லை. ஆனால் ஒழுகத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தவை பிழைக்க வாய்ப்பு அதிகம். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்புக் குழாய் போல ஏதாவது தெரிந்தால் அது குடல். அதற்கும் இதே ஈரக் காஸ், இதே பயணம்.

பை முழுவதும் உள்ளே போனதும் வேலை முடிந்துவிட்டது என்று மண்ணில் விட்டுவிடாதீர்கள். தொப்புள் மெல்லிய பிளவாகத் திறந்தே இருக்கும். அது மூடித் தோல் படர இன்னும் மூன்று நான்கு நாள், சில குஞ்சுகளுக்கு ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை ஈரக் கிச்சன் டவலே தரை. பிளவு மூடிய பிறகு தினமும் தாடை மட்டத்துக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் விடலாம். முதல் தடவை ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும். அதன் பின் 27 முதல் 31 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள மூடிய கூண்டு, அதில் புற ஊதா விளக்கு, தேங்காய்நார்த் தரை. பாலைவன விளிம்பு ஆமைக்கு இவ்வளவு ஈரமா என்று கேட்பார்கள். அங்கேயும் குஞ்சுகள் மழைக்காலப் பசுமையிலும் ஈரமான வளைகளிலும்தான் முதல் மாதங்களைக் கழிக்கின்றன. வறட்சியில் வளர்த்த குஞ்சின் ஓடு கூம்பு கூம்பாக எழும்பிவிடும். உணவாகப் பொடியாக நறுக்கிய இளம் அறுகம்புல், செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி வையுங்கள். சில நாள் தொடாமல் இருந்தாலும் கவலைப்படாதீர்கள், உள்ளே போன மஞ்சள் கரு இன்னும் மிச்சமிருக்கிறது.

அந்த மிச்சமே சிலவற்றில் பின்னால் சிக்கலாகும். வெளியே எல்லாம் மூடி நன்றாக இருக்கும் குஞ்சு, இரண்டு மூன்று வாரம் கழித்தும் சாப்பிடாமல், கண்ணை மூடியபடி சோர்ந்து கிடந்தால், பின்னங்காலுக்கு முன்னால் உள்ள தோல் குழி உப்பலாகத் தெரிந்தால், கழுத்தை நீட்டி மூச்சு விட்டால், உள்ளே மஞ்சள் கரு உறிஞ்சப்படாமல் கெட்டுப்போயிருக்கலாம். வெளிப் பையைவிட இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்டில் தெரியும். குளிரில் வைத்த குஞ்சுகளில் உறிஞ்சுதல் மந்தமாகும் என்பதால் தொப்புள் மூடிய பிறகும் முதல் மாதம் இரவில் 27 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள்.

ஒவ்வொரு முறை டப்பாவைத் தொட்ட பிறகும் கையை சோப்பால் கழுவுங்கள். எந்த ஆமையும் சால்மோனெல்லாவைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

ஓர் ஈட்டில் ஒரு குஞ்சு பையோடு வந்தால் அந்த முட்டையின் விதி என்று விடலாம். நாலைந்து அப்படி வந்தால் இன்குபேட்டரைப் பாருங்கள். அதன் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், முட்டைகளின் மட்டத்தில் இரண்டு தனி வெப்பமானிகளை, ஒன்று மூலையில் ஒன்று நடுவில், ஒரு நாள் முழுக்க வைத்து அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எழுதுங்கள். நடுவில் 31 காட்டும் பெட்டி, விசிறி இல்லாவிட்டால் மேல் மூலையில் 34 காட்டுவது சாதாரணம். கோடையில் மின்வெட்டு வந்து போகும் அறையில் இன்குபேட்டரைவிட அறையே சூடாகிவிடும். அதற்கு இன்குபேட்டரால் எதுவும் செய்ய முடியாது, குளிர்ந்த அறைக்கு மாற்றுவது ஒன்றே வழி. சுல்காட்டா முட்டைகளை 30இல் வைத்து, ஈரப்பதத்தை 80க்குக் கீழே இறங்காமல் பார்த்து, முதல் ஓட்டை விழுந்த நாளிலிருந்து மூன்று நாள் மூடியைத் தேவையில்லாமல் திறக்காமல் விடுங்கள்.